ராப்சார்ட்: ஒரு நாள் வண்டித் தூரத்தில் பிறந்த ஊர்

சமவெளிச்செல்வன் எழுதியது:

ரெண்டு மாதமாக மனசில் கிடந்து உறுத்துகிற விஷயம். எழுதிவிட்டால் தீரும் என்று எழுதுகிறேன்.

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் லாரி ஓட்டுகிறேன். தென்மேற்கு மூலையில், அமெரிக்க எல்லைக்குக் கொஞ்சம் வடக்கே, நெடுஞ்சாலை 13இல் ராப்சார்ட் என்று ஒரு ஊர் வரும். ஊர் என்று பழக்கத்தில் சொல்கிறேன். வண்டியை ஓரம் கட்டி இறங்கி நடந்தேன். வெயிலும் பனியும் பட்டு வண்ணம் முழுக்கப் போய்ச் சாம்பல் நிறமாகிவிட்ட பலகை வீடுகள். முன்பக்கம் மட்டும் உயரமாகச் சுவர் எழுப்பிய கடைக் கட்டடங்கள். கண்ணாடி இல்லாத ஜன்னல் வழியாகப் பார்த்தால் பின்சுவரின் ஓட்டைக்கு அப்பால் புல்வெளி தெரிகிறது. காற்றைத் தவிர வேறு சத்தம் இல்லை.

1912இல் கிராமமாகப் பதிவான ஊர். 2002 ஜனவரி 1 அன்று அந்தத் தகுதியை விட்டுக்கொடுத்துவிட்டது. கணக்குப் போட்டால் 90 வருஷம். என் பாட்டி அதைவிட அதிக நாள் இருந்தார்.

எப்படி ஒரு ஊர் இவ்வளவு வேகமாகப் பிறந்து இவ்வளவு வேகமாகப் போகும் என்று அன்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் புரிந்தது இதுதான். இந்த ஊர்கள் ஆற்றங்கரையில் பிறந்தவை இல்லை, சந்தையில் பிறந்தவையும் இல்லை. ஒரு ஜோடிக் குதிரை கோதுமை வண்டியை இழுத்துக்கொண்டு காலையில் கிளம்பி, இறக்கிவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பணும். அந்தத் தூரத்தை வைத்து ரயில் கம்பெனிகள் 8 மைல், 10 மைலுக்கு ஒரு நிறுத்தம் போட்டன. ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு ஊர் ஆனது.

கணக்கைப் பாருங்கள். 1872 நிலச் சட்டப்படி 10 டாலர் கட்டினால் 160 ஏக்கர். மூன்று வருஷம் குடியிருந்து, ஒரு பகுதியை உழுது, வீடும் கட்டினால் அது சொந்தம். அதில் 100 ஏக்கரில் கோதுமை, ஏக்கருக்கு 18 புஷல் (ஒரு புஷல் கோதுமை சுமார் 27 கிலோ) என்று வைத்தால் 1,800 புஷல். குதிரை வண்டியில் ஒரு நடைக்கு 60 புஷல் ஏறும். அப்படியானால் 30 நடை. நிலையம் 25 மைல் தள்ளி இருந்தால், போக ஒரு நாள் வர ஒரு நாள் என்று 60 நாள் ரோட்டிலேயே போய்விடும். அதற்குள் பனி வந்துவிடும். பக்கத்தில் ஒரு நிலையம் இல்லாமல் அந்தக் கோதுமைக்கு விலையே கிடையாது.

குதிரை போய் லாரி வந்தது, அந்தக் கணக்கு போனது, ஊரும் போனது. இதுதான் என் வாதம். மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

வன்னியூரான் எழுதியது:

நல்ல பதிவு, அண்ணை. ஆனால் குதிரை, லாரி என்று சுற்றி வளைக்க வேண்டியதில்லை. ரயில் கம்பெனிகள் தண்டவாளத்தைப் பிடுங்கியதால்தான் ஊர்கள் செத்தன. மேற்குக் கனடா முழுக்க இதுதான் கதை. 1977இல் ரயில் தடங்களை ஆராய அரசு வைத்த ஹால் கமிஷன் 2,000 மைலுக்கு மேல் கிளைத் தடங்களை மூடலாம் என்றது. 1996இல் வந்த போக்குவரத்துச் சட்டம் தடத்தைக் கைவிடுவதை இன்னும் சுலபமாக்கியது. 1881இல் சி.பி.ஆர். (கனேடியன் பசிபிக் ரயில்வே) என்கிற ரயில் கம்பெனிக்கு அரசு 2.5 கோடி டாலரும் 2.5 கோடி ஏக்கரும் கொடுத்தது. வாங்கும்போது நாட்டைக் கட்டுகிறோம் என்றார்கள். லாபம் குறைந்ததும் மூட்டை கட்டிவிட்டார்கள். இதில் எனக்கு நிஜமாகவே கோபம் இருக்கிறது.

சமவெளிச்செல்வன் எழுதியது:

கோபம் நியாயம்தான், தம்பி. ஆனால் ராப்சார்ட்டைப் பொறுத்தவரை ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே தண்டவாளம் இன்னும் கிடக்கிறது.

2000வாக்கில் சி.பி.ஆர். அந்தப் பக்கத்துத் தடங்களைக் கைகழுவியது உண்மை. ஆனால் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே என்று ஒரு சின்னக் கம்பெனி அவற்றை எடுத்து ஓட்டியது. 2004இல் உள்ளூர் ஆட்களும் அங்குள்ள நகராட்சிகளுமே சேர்ந்து அதை வாங்கிவிட்டார்கள். ஷானவான் ஊரில் அதன் தலைமையிடம். தங்கள் பகுதிக்கு ரயில் வேண்டும் என்று விவசாயிகள் கைக்காசு போட்டு வாங்கினார்கள் என்றால் அது எவ்வளவு பெரிய காரியம்!

அப்படி ரயிலைக் காப்பாற்றியும் ராப்சார்ட் பிழைக்கவில்லை. ரயில் ஓடுவதற்கு ஊர் தேவையில்லை என்று ஆகிவிட்டது. அதனால்தான் தூரத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

கோமதி ரெஜைனா எழுதியது:

நீங்கள் இருவரும் மழையை மறந்துவிட்டீர்கள்.

ராப்சார்ட் இருப்பது பாலிசர் முக்கோணம் என்கிற வறண்ட பகுதிக்குள். 1857 முதல் 1860 வரை ஜான் பாலிசர் அந்தப் பக்கம் சுற்றிப் பார்த்துவிட்டு, இது வறண்ட பூமி, விவசாயத்துக்கு ஆகாது என்று எழுதி வைத்தார். பின்னால் வந்த ஜான் மக்கூன் என்கிற தாவரவியலாளர் மழை நன்றாகப் பெய்த வருஷங்களில் வந்து பார்த்து, இது பொன் விளைகிற பூமி என்றார். அரசுக்கும் ரயில் கம்பெனிக்கும் வேண்டியது மக்கூனின் பேச்சு. அதை எடுத்துக்கொண்டார்கள்.

அப்புறம் 1930கள். 1932 டிசம்பரில் ஒரு புஷல் கோதுமை 40 சென்ட்டுக்கும் கீழே போனது. விலை போன கையோடு மழையும் போனது. 1937இல் சஸ்காச்சுவானின் சராசரி விளைச்சல் ஏக்கருக்கு 3 புஷலுக்கும் குறைவு. விதைத்த விதையைக் கழித்தால் கையில் என்ன மிஞ்சும்? கிராமத்து மக்களில் மூன்றில் இரண்டு பங்கு அந்த வருஷம் அரசு நிவாரணத்தில் வாழ்ந்தார்கள். மாட்டுக்குத் தீவனம் இல்லாமல் முள்செடியை அறுத்துப் போட்டார்கள். பெட்ரோலுக்குக் காசில்லை என்று காரின் இன்ஜினைக் கழற்றிவிட்டுக் குதிரையைப் பூட்டினார்கள். அதற்கு முப்பதுகளின் தொடக்கத்தில் பிரதமராக இருந்த பென்னட்டின் பெயரை வைத்து ‘பென்னட் பக்கி’ என்றார்கள். பக்கி என்றால் குதிரை வண்டி.

நான் ரெஜைனாவில் நர்ஸ். வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதியில் வேலை. சின்ன வயதில் அந்தத் தூசியில் வளர்ந்த ஒரு பாட்டி இருந்தார். தட்டு கொண்டுவந்து வைத்தால் முதலில் அதைக் கவிழ்த்து வைப்பார். சாப்பாடு வந்ததும்தான் நிமிர்த்துவார். வீட்டுக்குள்ளேயே தூசி படியும், அதனால் அவர் அம்மா எப்போதும் தட்டைக் கவிழ்த்தே வைப்பாராம். எண்பது வருஷம் கழித்தும் கை மறக்கவில்லை. வறட்சி ஊரைக் கொல்லவில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தத் தட்டுதான் ஞாபகம் வரும்.

ஓய்வுபெற்ற கார்டு எழுதியது:

இங்கே தென்னக ரயில்வேயில் 34 வருஷம் சரக்கு வண்டி கார்டாக இருந்தவன். ரயில் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

நீராவி இன்ஜின் காலத்தில் ரயிலுக்கே வழிநெடுக ஆள் வேண்டும். தண்ணீர்த் தொட்டி, நிலக்கரி, தந்திக் கருவி, தடம் பார்க்கும் கும்பல். குதிரைக்கு மட்டும் ஓய்விடம் தேவைப்படவில்லை, இன்ஜினுக்கும் தேவைப்பட்டது. 1950களில் டீசல் வந்ததும் அந்தத் தேவை போனது. ஊருக்குள் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் முதலில் கிளம்பியது அப்போதுதான். அந்தக் குடும்பங்களை நம்பித்தான் மளிகைக்கடையும் பள்ளிக்கூடமும் இருந்திருக்கும்.

இன்னொன்று. அந்த ஊர்களுக்குப் பெயர் வைத்த விதமே எல்லாவற்றையும் சொல்லிவிடும். கிராண்ட் டிரங்க் பசிபிக் என்ற கம்பெனி தன் நிலையங்களுக்கு ஆங்கில எழுத்து வரிசையில் பெயர் வைத்தது. சஸ்காச்சுவானில் ஃபென்வுட், குட்ஈவ், ஹப்பர்ட், இட்யூனா, ஜாஸ்மின், கெல்லிஹர் என்று ஓடும். கடைசியில் வாட்ரஸ், ஜீனா, யங், ஜெல்மா. எழுத்து தீர்ந்துவிட்டதா? சரி, அடுத்து ஆலன், பிராட்வெல், கிளாவெட் என்று மறுபடி முதலிலிருந்து. அங்கே பிறக்கப்போகிற குழந்தைகளின் சொந்த ஊர்ப் பெயர் அப்படி முடிவானது. அந்தக் கம்பெனியின் தலைவர் சார்ல்ஸ் மெல்வில் ஹேஸ் 1912இல் டைட்டானிக்கோடு மூழ்கிப்போனார். மெல்வில் என்ற ஊர் அவர் பெயரில்தான் இருக்கிறது. கம்பெனியும் 1919இல் திவாலாகி, பின்னால் அரசின் கனேடியன் நேஷனலோடு கலந்தது.

புதியவள் எழுதியது:

இந்த இழையைக் காலையிலிருந்து படிக்கிறேன். ஒரு சந்தேகம். அந்த ஊர்களின் படம் எதைப் பார்த்தாலும் நெட்டையாக ஒரு மரக் கட்டடம் தெரிகிறது. எலிவேட்டர் என்கிறார்கள். அது கிட்டங்கியா, ஆலையா? உள்ளே என்ன நடக்கும்?

சமவெளிச்செல்வன் எழுதியது:

நல்ல கேள்வி, தங்கச்சி. ஆலை இல்லை, தானியக் கிட்டங்கிதான். அது புரிந்தால் பாதி ஊர் புரிந்த மாதிரி. மானிட்டோபாவில் இங்லிஸ் என்ற ஊரில் ஐந்து எலிவேட்டர்களை வரிசையாக அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். போன வருஷம் போய்ப் பார்த்தேன்.

சரிவுப் பாதையில் வண்டி ஏறி உள்ளே வரும். நிற்கிற தரையே தராசு. எடை போட்ட பிறகு வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிச் சாய்ப்பார்கள். கோதுமை கம்பி வலை வழியாகக் கீழே குழிக்குள் விழும். குழியிலிருந்து உச்சி வரை ஒரு நீளப் பட்டை ஓடுகிறது. அதில் வரிசையாகச் சின்னக் கிண்ணங்கள். அவை கோதுமையை அள்ளி மேலே கொண்டுபோய்க் கொட்டும். மேலே ஒரு திருப்பி இருக்கிறது. கீழே நின்றபடியே சக்கரத்தைச் சுற்றி, எந்தத் தரக் கோதுமை எந்த அறைக்குப் போகணும் என்று முடிவு செய்வார்கள். ரயில் வேகன் வந்ததும் கதவைத் திறந்தால் போதும், தானியம் தன் எடையிலேயே இறங்கி வேகனுக்குள் போகும். அதற்காகத்தான் அவ்வளவு உயரம்.

சுவரைத் தொட்டுப் பார்த்தேன். பலகைகளைப் படுக்கவைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஆணி அடித்து எழுப்பியிருக்கிறார்கள். தானியம் தண்ணீர் மாதிரி பக்கவாட்டில் தள்ளும், சாதாரணச் சுவர் பிளந்துவிடும். அறையின் உள்பக்கம் கை வைத்தால் வழவழ என்று இருக்கிறது. யாரும் இழைக்கவில்லை. வருஷக்கணக்காகக் கோதுமை உரசி உரசி மெருகு ஏறிய மரம். கையை எடுக்க மனசு வரவில்லை. இன்ஜினைத் தனிக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். தூசியில் ஒரு பொறி பட்டால் கட்டடமே போய்விடும்.

அந்தத் தராசில் எலிவேட்டர் கம்பெனியின் ஏஜென்ட் சொல்வதுதான் எடை, சொல்வதுதான் தரம், குப்பைக்கு எவ்வளவு கழிப்பது என்பதும் அவர் கையில். அதனால் சண்டை வராமல் இருக்குமா? 1901 கடைசியில் இண்டியன் ஹெட் ஊரில் விவசாயிகள் சங்கம் வைத்தார்கள். மறுவருஷம் சிண்டலூட்டா ஊரின் ரயில் ஏஜென்ட் சட்டப்படி வேகன் ஒதுக்கவில்லை என்று வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். எலிவேட்டர் கம்பெனியைச் சாராமல் நேராக வேகனில் ஏற்றுகிற உரிமை அது. அந்தச் சங்கத்தை நடத்திய மதர்வெல் பின்னால் மாகாணத்துக்கும் நாட்டுக்கும் விவசாய மந்திரி ஆனார். 1920களில் கோதுமைக் கூட்டுறவும் வந்து, விவசாயிகளே சொந்தமாக எலிவேட்டர் வைத்தார்கள்.

1933இல் நாட்டில் 5,758 எலிவேட்டர்கள் இருந்தன. பெரும்பாலும் எல்லாம் இந்தப் புல்வெளியில்தான்.

மா. இளவரசு எழுதியது:

எல்லாரும் ஊர் பிறந்தது, ஊர் செத்தது என்று பேசுகிறீர்கள். ஊர் பிறப்பதற்கு முன்னால் அங்கே யார் இருந்தார்கள்? 160 ஏக்கர் 10 டாலருக்கு என்றால் அது யாருடைய நிலம்?

ராப்சார்ட்டுக்கு வடக்கே சைப்ரஸ் மலை. கிரீ, அசினிபோயின் என்கிற பூர்வகுடி மக்கள் காட்டெருமை வேட்டையாடி வாழ்ந்த இடம். 1874இல் அரசு பூர்வகுடிகளோடு நிலத்துக்காகப் போட்ட நான்காம் ஒப்பந்தம். 1879வாக்கில் கனடா பக்கம் காட்டெருமையே இல்லை. பசியோடு வந்த மக்கள் வால்ஷ் கோட்டை என்கிற போலீஸ் கோட்டையைச் சுற்றிக் கூடினார்கள். மலைப்பக்கமே தங்களுக்கு ஒதுக்கிடம், அதாவது தங்களுக்கென ஒதுக்கிய நிலம், வேண்டும் என்று கேட்டார்கள். அரசு கொடுக்கவில்லை. ரேஷனைக் குறைத்து, 1883இல் கோட்டையையும் மூடி, வடக்கேயும் கிழக்கேயும் போகவைத்தார்கள். பட்டினி அங்கே ஆட்சியின் கருவி. கிரீ தலைவர் பியபாட் ரயில் அளவைக் கம்புகளைப் பிடுங்கிப் போட்டு, தடத்துக்கு எதிரே கூடாரம் அடித்தார் என்று ஒரு கதை இன்றும் சொல்கிறார்கள்.

நெக்கனீட் தலைவரின் கூட்டம் மட்டும் மலையை விட்டுப் போகவில்லை. ஒப்பந்தப் பலன் எதுவும் இல்லாமல் அங்கேயே கிடந்தார்கள். அவர்களுக்கு ஒதுக்கிடம் கிடைத்தது 1913இல். ராப்சார்ட் கிராமமாகப் பதிவான அடுத்த வருஷம். முப்பது வருஷம் பொறுத்தவர்கள் இன்றும் மேப்பிள் கிரீக் ஊருக்குத் தெற்கே இருக்கிறார்கள்.

ராப்சார்ட்டுக்காக வருத்தப்படுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த இடத்தின் கதையை 1912இல் தொடங்கினால் அது அரைக் கதை.

சமவெளிச்செல்வன் எழுதியது:

இளவரசு ஐயா, ஏற்றுக்கொள்கிறேன். முதல் பதிவில் இதை நான் சொல்லியிருக்க வேண்டும். 10 டாலர் நிலம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனது தப்பு.

வன்னியூரான் எழுதியது:

ஐயா தொட்ட இடத்திலிருந்து இன்னொன்று. அந்த ஊர்கள் பலவற்றில் ஒரு சீனக் கஃபே இருந்தது. ரயில் பாதை போட ஆள் தேவைப்பட்டது தீர்ந்ததும், புதிதாக நாட்டுக்குள் வருகிற சீனர்கள்மீது 1885இல் 50 டாலர் தலைவரி, 1900இல் 100, 1903இல் 500. 1923 முதல் 1947 வரை வரவே கூடாது என்று தடை. அதனால் பல கஃபேக்காரர்கள் மனைவி மக்களைக் கூப்பிட முடியாமல் தனியாகவே வாழ்ந்தார்கள். 1912இல் சஸ்காச்சுவான் அரசு, சீன முதலாளி வெள்ளைக்காரப் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று சட்டமே போட்டது. மூஸ் ஜா நகரில் கஃபே வைத்திருந்த குவாங் விங் அதை எதிர்த்து உச்சநீதிமன்றம் வரை போனார். 1914இல் தோற்றார். குளிரில் கோதுமை கொண்டுவந்தவன் சூடாகக் குடித்தது அப்படிப்பட்ட ஒருவர் கடையில்தான். ஊர் காலியானபோது அவர்கள் எங்கே போனார்கள் என்று யாராவது எழுதியிருந்தால் சொல்லுங்கள், படிக்க ஆசை.

கோமதி ரெஜைனா எழுதியது:

மறுபடி செல்வன் அண்ணாவின் வாதத்துக்கு வருகிறேன். யோசித்துப் பார்த்ததில் நான் சொன்னதை ஓரளவு திருத்த வேண்டியிருக்கிறது. வறட்சி ஊர்களை நொடித்துப் போட்டது. ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மழையும் விலையும் திரும்பி வந்தன, ஆட்கள் திரும்பி வரவில்லை. 1936இல் மாகாணத்தில் 1,42,000 பண்ணைகளுக்கு மேல். 2021இல் 34,000 சொச்சம். நிலம் அதேதான். டிராக்டர் வந்தது, நாலு குடும்பம் உழுத நிலத்தை ஒரு குடும்பம் உழுகிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளை இல்லை, கடையில் ஆள் இல்லை. என் துறையில் சொல்வதானால், 1993இல் ஒரே வீச்சில் 52 கிராமப்புற ஆஸ்பத்திரிகளை மூடினார்கள் அல்லது வேறு வகையாக மாற்றினார்கள். ஆஸ்பத்திரி போன ஊரில் வயதானவர்கள் எப்படித் தங்குவார்கள்? நான் பார்த்துக்கொள்கிறவர்களில் பாதிப்பேர் அப்படி வந்தவர்கள்தான்.

ஆனால் குரோ ரேட்டை ஏன் யாரும் சொல்லவில்லை? 1897இல் போட்ட ஒப்பந்தம், தானியத்துக்குக் குறைந்த சரக்குக் கட்டணம். அது எத்தனையோ சின்ன நிலையங்களை உயிரோடு வைத்திருந்தது.

சமவெளிச்செல்வன் எழுதியது:

சொல்ல விட்டுவிட்டேன், கோமதி அக்கா. 1995 ஆகஸ்ட் 1 அன்று அதை முழுசாக எடுத்துவிட்டார்கள். நஷ்டஈடாக நிலச் சொந்தக்காரர்களுக்கு 160 கோடி டாலர் கொடுத்தார்கள். ஊர்களுக்கு ஒன்றும் இல்லை. கட்டணம் ஏறியதும், சின்ன எலிவேட்டரில் நாலைந்து வேகன் ஏற்றுவது யாருக்கும் கட்டுபடியாகவில்லை. நூறு வேகனை ஒரே மூச்சில் நிரப்புகிற கான்கிரீட் முனையங்கள் வந்தன. நானே அங்கேதான் ஏற்றிக்கொண்டு போகிறேன். 60 மைல் எனக்கு ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் அஞ்சாறு பழைய நிலையங்களைத் தாண்டிவிடுவேன். ராப்சார்ட், விடோரா, கான்சல், செனட், கோவன்லாக் என்று ஒரே தடத்தில் இருந்தவை. கான்சல் மட்டும்தான் இன்னும் ஊராக நிற்கிறது.

ரேட்டை எடுக்காமல் இருந்திருந்தால் இன்னும் 20 வருஷம் இழுத்திருக்கும் என்று நினைக்கிறேன். குதிரைத் தூரத்துக்குக் கட்டிய ஊரை லாரி காலத்தில் அதற்குமேல் தாங்கிப் பிடிக்க முடிந்திருக்காது.

ஓய்வுபெற்ற கார்டு எழுதியது:

இதில் உங்களோடு நிற்கிறேன். டீசலும் லாரியும் ஒரே பத்து வருஷத்தில் வந்ததுதான் கொடுமை. ஒன்று மட்டும் வந்திருந்தால் ஊர் கொஞ்சம் மூச்சு வாங்கியிருக்கும்.

புதியவள் எழுதியது:

இப்போது ராப்சார்ட்டில் என்ன மிச்சம் இருக்கிறது? வீடுகள் தவிர?

சமவெளிச்செல்வன் எழுதியது:

கொஞ்சம் பேர் இருக்கிறார்கள், அவர்களைத் தொந்தரவு செய்யவில்லை. ஊருக்கு வெளியே நடந்தேன். வயலுக்கு நடுவே நேர்கோட்டில் ஒரு புதர் வேலி. கராகானா. இண்டியன் ஹெட்டில் அரசு ஒரு மரக்கன்றுப் பண்ணை வைத்து, காற்றைத் தடுக்க நடச்சொல்லிக் குடியேறியவர்களுக்குக் கொடுத்த கன்றுகளில் கராகானாவும் உண்டு. மரமே இல்லாத வெளியில் இப்படி நேர்கோட்டில் ஒரு வேலி நின்றால் அங்கே ஒரு வீடு இருந்தது என்று அர்த்தம்.

வேலிக்கு உள்ளே போனேன். வீடு இல்லை. நிலவறைக் குழி மட்டும் மண் சரிந்து பள்ளமாகக் கிடந்தது. அதன் தெற்கு ஓரத்தில், காற்று படாத இடமாகப் பார்த்து யாரோ நட்ட ரூபார்ப், தண்டைச் சாப்பிடுகிற ஒரு செடி. சிவப்புத் தண்டு, கை அகல இலை, இடுப்பு உயரம். ஆள் பார்க்காமலே ஒவ்வொரு வசந்தத்திலும் அது முளைக்கும். அங்கே வருகிற முதல் புளிப்பு அதுதான், குளிர்காலம் முழுக்க உப்புக்கண்டம் தின்ற வீட்டில் பிள்ளைகள் அதற்காகக் காத்திருப்பார்கள்.

ஒரு தண்டு ஒடித்துக் கடித்தேன். நல்ல புளிப்பு. மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டு வண்டிக்குத் திரும்பினேன்.